வெள்ளம் வந்தால் லீக்கை நிறுத்தணுமா? செண்டாய், ஹதாய், நம்ம வியாசர்பாடி

ராயபுரம் வாசகர் கேட்டது, 14.10.2024

2011-ல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தது. அந்த வருஷம் அதில் அடிபட்ட ஊரான செண்டாயின் டீம் கால்பந்து லீக்கில் நாலாவதாக வந்ததை எல்லோரும் காவியம் மாதிரி பேசுகிறார்கள். 2015 வெள்ளத்தில் சென்னையின் எப்சி கோப்பை வாங்கியதையும் அப்படித்தான். என்னைக் கேட்டால் ரெண்டுமே அனுதாப அலை. ரெப்ரி கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், எதிரணி கொஞ்சம் அடக்கி வாசிக்கும். இதுக்குப் பேசாமல் அந்த சீசனையே ரத்து பண்ணிவிடலாம். மறுக்க ஆள் உண்டா?

14.10.2024, இரவு

உண்டு.

வெகால்டா செண்டாய் அந்த வருஷம் 34 ஆட்டத்தில் தன் வலைக்குள் வாங்கிய கோல் 25. மொத்த லீக்கிலும் அதுதான் குறைச்சல். அனுதாபத்தில் ஒரு பெனால்டி கிடைக்கலாம், ஒரு ஆப்சைடைக் கண்டும் காணாமல் விடலாம். வருஷம் பூரா எதிரணி ஸ்ட்ரைக்கர் இரக்கப்பட்டு பந்தை வெளியே அடிப்பானா? 14 வெற்றி, 14 ட்ரா, 6 தோல்வி. 14 ட்ராவில் போய் நிற்கிற அலையை நான் பார்த்ததில்லை.

மிச்சம் நாளைக்கு. மோட்டார் ரூமில் தண்ணீர் ஏறுதான்னு பார்க்கணும்.

15.10.2024, காலை

ஸ்கூல் லீவு விட்டாச்சு, ரெட் அலர்ட்டாம். வீட்டில் இருக்கிற நேரத்துக்கு வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானின் ஜே லீக் 2011 சீசன் மார்ச் 5-ல் தொடங்கியது. ஒரே ஒரு ரவுண்டு முடிந்திருந்தது. செண்டாய் ஹிரோஷிமாவில் போய் 0-0 ஆடிவிட்டு வந்திருந்தது. மார்ச் 11 வெள்ளிக்கிழமை மதியம் 2.46-க்கு 9.0 அளவில் பூமி ஆடியது. மறுநாள் ரெண்டாவது ரவுண்டு நடக்க வேண்டியது, நடக்கவில்லை. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 18,000-க்கு மேல். லீக் திரும்பத் தொடங்கியது ஏப்ரல் 23-ல்.

"உணர்ச்சிக்காக ஆரம்பித்தார்கள்" என்று எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறார்கள். டோக்கியோ – செண்டாய் புல்லட் ரயில் ஏப்ரல் 25-ல்தான் திரும்ப ஓடியது. தோஹோகு பாதை முழுசாகத் திறந்தது ஏப்ரல் 29. செண்டாய் சொந்த மைதானத்தில் உராவா ரெட்ஸோடு ஆடியதும் அதே ஏப்ரல் 29, சரியாக ஏழாவது வெள்ளிக்கிழமை. 1-0 ஜெயித்தார்கள். ரயில் வந்த அன்றைக்கு ஆட்டமும் வந்தது. லீக்கை நடத்துவது என்றால் பஸ், ரயில், கரண்ட், கழிப்பறைத் தண்ணீர், ஆம்புலன்ஸ். கண்ணீரெல்லாம் அப்புறம்தான்.

கண்ணீரும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஏப்ரல் 23-ல் கவாசாகியில் முதல் ஆட்டம். டோக்கியோ பக்கம் மின்தட்டுப்பாடு, அதனால் பகலிலேயே ஆடினார்கள். நல்ல மழை. கவாசாகி முதலில் கோல் அடித்துவிட்டது. 73-வது நிமிஷம் ஓட்டா சமன் செய்தார், 87-ல் கமாட்டா என்கிற டிபென்டர் தலையால் முட்டி 2-1. கோச் தெகுராமோரி அழுதுவிட்டார். அந்த ஆட்டத்தை நான் பாதியில்தான் பார்க்க ஆரம்பித்தேன். கையில் இட்லி. கமாட்டா கோல் விழுந்தபோது சாம்பார் லுங்கியில்.

15.10.2024, மாலை

கொடுங்கையூர் அண்ணன் கீழே எழுதியிருக்கிறார், காஷிமா ஸ்டேடியம் சுனாமியில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று. இல்லைண்ணே. நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமானது. அதனால் காஷிமா ஆன்ட்லர்ஸ் கொஞ்ச காலம் டோக்கியோ தேசிய ஸ்டேடியத்தைத் தன் ஹோம் கிரவுண்டாக வைத்து ஆடியது. நீங்கள் நினைப்பது புகுஷிமாவில் இருந்த ஜே வில்லேஜாக இருக்கும். அதுவும் அடித்துக்கொண்டு போகவில்லை. தேசிய அணி பயிற்சி எடுத்த இடம் அது. அணு உலை விபத்துக்கு அப்புறம் அங்கே வேலை செய்யப் போகிறவர்கள் கூடுகிற தளமாகிவிட்டது. புல்தரையில் வண்டிகளை நிறுத்தினார்கள். அது முழுசாக மைதானமாகத் திரும்பியது 2019-ல்.

எட்டு வருஷம். நம்ம ஊரில் நாலு நாள் கல்யாணப் பந்தல் போட்ட கிரவுண்டே ரெண்டு வருஷமானாலும் பழையபடி வருவதில்லை.

17.10.2024

நேற்று பெய்யும் பெய்யும் என்றார்கள், வெயில் அடித்தது. கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினதுதான் மிச்சம். கணேசபுரம் சுரங்கப்பாதை மட்டும் வழக்கம்போல.

2015 பற்றிக் கேட்டிருந்தார் அல்லவா? முதலில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கதை. சென்னையின் எப்சி டேபிளில் கீழே கிடந்து, வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்தது நவம்பரிலேயே. டிசம்பர் 1 ராத்திரி ஊர் முழுகியது. நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. ஏர்போர்ட் மூடிவிட்டார்கள். அந்த நிலையில் செமி பைனல் முதல் ஆட்டம், நம்முடைய ஹோம் மேட்ச், எங்கே நடந்தது தெரியுமா? புனேயில். டிசம்பர் 12. எதிரணி கொல்கத்தா, போன வருஷ சாம்பியன். நம்ம ஆட்கள் 3-0 ஜெயித்தார்கள். கொல்கத்தாவில் போய் 2-1 தோற்றாலும் மொத்தத்தில் 4-2. பைனல் கோவாவில், கோவாவை எதிர்த்தே. 89 நிமிஷம் முடிகிறவரை 2-1 என்று பின்தங்கி இருந்து, கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்ட கோல் ஒன்று, அப்புறம் மென்டோசா ஒன்று, 3-2.

இதில் அனுதாபம் எங்கே இருக்கிறது? சொந்த மைதானத்தைப் பறிகொடுத்தது நாம். எதிரிக்கோ அவன் ஊரிலேயே பைனல். அலை அடித்திருந்தால் அது எதிர்ப்பக்கம்தான் அடித்தது.

17.10.2024, கொஞ்ச நேரம் கழித்து

"2015-ல் ஐஎஸ்எல் தேசிய லீக்கே கிடையாது, ஐ லீக்தான் தேசிய லீக்" என்று ஒரு தம்பி. சரி தம்பி. ஐ லீக்கில் அப்போது சென்னைக்கு டீமே கிடையாது. ஒரு காலத்தில் இந்தியன் பேங்க் தேசிய லீக்கில் ஆடியது, அப்புறம் வெகுநாள் வெறுமை. சென்னை சிட்டி வந்தது 2016-17 சீசனில். இல்லாத டீமின் ஆட்டம் மழையில் நின்றதா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

20.10.2024

எங்கள் கிரவுண்டு கதை. இதை எழுதத்தான் நாலு நாளாக மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

நான் லெப்ட் பேக். ஆடுவதை விட்டு வெகுநாளாகிறது, பசங்களுக்கு டீம் வைத்திருக்கிறேன். பெரிய அகாடமி எல்லாம் இல்லை. காலையில் ஆறு மணிக்கு ஒரு மைதானம், பழைய கோன்கள், பம்ப் ஒன்று. வியாசர்பாடியை மினி பிரேசில் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். தன்பால் கணேஷ் இந்தத் தெருக்களில் இருந்து போய்த்தான் சென்னையின் எப்சி நடுக்களத்தில் நின்றார். அதனால் எங்கள் ஏரியாவில் ஒவ்வொரு அம்மாவும் பையனுக்கு ஷூ வாங்கித்தரக் கடன் வாங்குவார்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் கேப்டன் காட்டன் கால்வாய் எது, தெரு எது என்று தெரியவில்லை. டிவியில் அடையாறு, சைதாப்பேட்டை, செம்பரம்பாக்கம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே கேமரா வர நாளாயிற்று. தண்ணீர் வடிந்ததும் கிரவுண்டைப் போய்ப் பார்த்தோம். தெர்மாகோல், செத்த மீன், ஒற்றைச் செருப்புகள், ஸ்கூல் பெஞ்ச் ஒன்று, ஒரு பிரிட்ஜ் கதவு. மேலே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு. அது காய்ந்ததும் வெடித்துச் சில்லு சில்லாகக் கிளம்பியது, அதுக்கு அடியில் கண்ணாடி.

பசங்களை கோல் போஸ்டிலிருந்து கோல் போஸ்ட் வரைக்கும் வரிசையாக நிற்கவைத்து, குனிந்தபடியே நடந்து பொறுக்கச் சொன்னேன். மாநகராட்சி ஆட்கள் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. எங்கள் கோல்கீப்பர் பையன் அதை எடுத்து பெனால்டி பாக்ஸ் கோடு போட்டுவிட்டான். சுண்ணாம்பைவிட நல்லா வெள்ளையாக இருந்தது. ஆனால் கீழே விழுந்து எழுந்தவன் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். மறுநாள் ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ஷூக்கள் ஊறி அடிப்பாகம் பிளந்து வாயைத் திறந்திருந்தன. சைக்கிள் ட்யூபை வெட்டி வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு ஆடினான்கள். ட்யூப் கட்டின காலில் ஷாட் நேராகப் போகாது. ரைட் விங்கர் அடித்த கிராஸ் ஒன்று எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டிருந்த பாயில் போய் விழுந்தது.

எப்போது ஆட ஆரம்பித்தோம் என்றால், பொறுக்கி முடித்த அன்றைக்கே. யாரும் முடிவெடுக்கவில்லை. பந்து இருந்தது, அவ்வளவுதான். சில பையன்கள் வீட்டில் அப்போதும் அடுப்பு மூட்டவில்லை. "இதைவிட முக்கியமான வேலை இல்லையா" என்று பக்கத்துத் தெருப் பெரியவர் கத்தினார். அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் வீட்டுச் சேறை அள்ள அந்தப் பையன்களையே ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன், அப்புறம் கத்தவில்லை.

21.10.2024

மேலே எழுதியதைப் படித்தால் நானே "விளையாட்டு ஊரை மீட்கும்" கட்சி மாதிரி தெரிகிறது. அப்படி இல்லை. விளையாட்டு அந்தப் பையன்களுக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் போக உதவியது. சாப்பாடு கொடுத்தது பக்கத்தில் மசூதிக்காரர்களும் சர்ச்சுக்காரர்களும், லாரியில் வந்த முகம் தெரியாத ஆட்களும்.

26.10.2024

துருக்கி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் நியாயமான கேள்வி, ஏனென்றால் அங்கே "ஆட முடியாது" என்று சொல்லவும் வழி வைத்தார்கள்.

2023 பிப்ரவரி 6 அதிகாலை நிலநடுக்கம். துருக்கியில் மட்டும் 50,000-க்கு மேல் சாவு. முந்தின நாள் ராத்திரிதான் ஹதாய்ஸ்போர் டீமில் கானா ஆட்டக்காரர் கிறிஸ்டியன் அட்சு கூடுதல் நேரத்தில் ப்ரீகிக் அடித்து காசிம்பாஷாவை 1-0 ஜெயிக்க வைத்தார். சில மணி நேரத்தில் அவர் இருந்த கட்டடம் இடிந்தது. பன்னிரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. அந்த கிளப்பின் விளையாட்டு இயக்குநரும் இறந்துபோனார்.

லீக் மார்ச்சில் மறுபடி தொடங்கியது. ஹதாய்ஸ்போரும் காசியான்டெப்பும் அந்த சீசனில் இருந்து விலகின. அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவு அப்படியே நிற்கும், மீதி ஆட்டங்களில் எதிரணிக்கு 3-0. ஆனால் ரெண்டு டீமையும் கீழ் டிவிஷனுக்குத் தள்ளவில்லை, அடுத்த வருஷமும் மேல் லீக்கிலேயே ஆடலாம். ஹதாய் அடுத்த சீசனில் மெர்சின் நகரத்தில் போய் ஹோம் மேட்ச் ஆடியது.

முறை ஓரளவுக்கு நியாயம். குறை எங்கே என்றால், பிப்ரவரிக்கு முன்னாலேயே ஹதாயோடு ரெண்டு ஆட்டத்தையும் ஆடித் தோற்றவனுக்கு ஒன்றுமில்லை, ஆடாமல் மிச்சம் வைத்திருந்தவனுக்கு சும்மா மூணு பாயின்ட். பிக்சர் (ஆட்ட அட்டவணை) போட்ட புண்ணியவான் கையில் இருக்கிறது யாருக்கு லாபம் என்று. அதுக்கு ரெண்டு டீமின் மொத்தக் கணக்கையும் டேபிளில் இருந்து எடுத்துவிடலாமே என்றால், ஏற்கெனவே வியர்வை சிந்தி ஜெயித்தவன் சண்டைக்கு வருவான். அட்சு அடித்த அந்தக் கடைசி கோலும் கணக்கில் இல்லாமல் போயிருக்கும். அதனால் அவர்கள் செய்ததே பரவாயில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. நேற்று வரை எடுத்துவிடணும் கட்சியில் இருந்தேன்.

27.10.2024

ராயபுரம் வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "அப்போ ரத்து பண்றதும் தப்பு, நடத்துறதும் தப்பு, 3-0 கொடுக்குறதும் தப்பா?" என்கிறார். கோபம் நியாயம். வாக் ஓவர் (ஆடாமலே எதிரணிக்கு வெற்றி) என்றால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும், அதனால் நேராக யோசிக்க முடியவில்லை. காரணம் இது.

2016 ஜனவரியில் வேறொரு ஏரியாவில் ஒரு டோர்னமென்ட். டிசம்பரில் நடக்க வேண்டியது, வெள்ளத்தால் தள்ளிப்போனது. கமிட்டி புதுத் தேதி போட்டது. எங்கள் பையன்கள் பாதிப் பேர் அப்போதும் பொன்னேரி, ரெட்ஹில்ஸ் என்று சொந்தக்காரர் வீட்டில். பதினோரு பேர் தேறவில்லை. ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன். "எல்லாருக்கும்தான் மழை பெய்தது சார்" என்றார் அங்கே நோட்டு வைத்திருந்தவர். எல்லாருக்கும் பெய்தது, வாஸ்தவம். அவர் ஏரியாவில் மழைத்தண்ணீர் ரோட்டில் ஓடி வடிந்தது, எங்களுக்குச் சாக்கடையோடு சேர்ந்து வீட்டுக்குள் நின்றது. வாக் ஓவர் எழுதிவிட்டார்கள். என்ட்ரி பீஸும் திரும்ப வரவில்லை. எதிர் டீம் கோச் மட்டும் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நானா இருந்தா ஆட மாட்டேன்னு சொல்லியிருப்பேண்ணே, பசங்க அப்பா அம்மா விட மாட்டேங்கிறாங்க" என்றார். அவர் மேல் இன்றைக்கும் வருத்தம் இல்லை.

ஹதாய்க்குக் கொடுத்த 3-0-வும் எங்களுக்கு எழுதின வாக் ஓவரும் பேப்பரில் ஒன்றுதான். அங்கே "நீ போய் உன் ஊரைப் பார், உன் இடம் இருக்கும்" என்று சேர்த்துச் சொன்னார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

3.11.2024

செண்டாய்க்கு வருவோம். ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். மார்கினோஸ் என்று பிரேசில் ஸ்ட்ரைக்கர், அந்த சீசனுக்காகவே புதுசாகச் சேர்த்திருந்தார்கள். நிலநடுக்கத்துக்கு அப்புறம் அதிர்ச்சியில் ஊருக்குப் போய்விட்டார். அவரை ஓடிப்போனவர் என்று யாராவது எழுதினால் எனக்குப் பிடிக்காது. மிச்சம் இருந்தவர்கள் சேறு அள்ளினார்கள், வெளியூரில் பயிற்சி எடுத்தார்கள், ஆடினார்கள். போனவரும் சரி, இருந்தவரும் சரி.

இதிலே ஆட்ட நுணுக்கமும் இருக்கிறது. முன்னால் நம்பியிருந்த ஆள் போனதும் தெகுராமோரி என்ன செய்வார்? பின்னால் இறுக்கிக் கட்டினார். 25 கோல் கணக்கும் 14 ட்ராவும் அங்கேயிருந்து வருகிறது என்பது என் ஊகம். 2010-ல் இதே டீம் 14-வது இடம். 2012-ல் ரெண்டாவது இடம். அடுத்த வருஷமும் அனுதாபமா, ராயபுரத்தாரே?

அந்த 2011 கோப்பையை வாங்கியது காஷிவா ரெய்சோல். முந்தின வருஷம் ரெண்டாம் டிவிஷனில் இருந்த டீம். 72 பாயின்ட், நகோயா 71, காம்பா ஒசாகா 70. சீசனை ரத்து பண்ணியிருந்தால் இந்தக் கடைசி நாள் கூத்து நடந்திருக்காது. அந்த 72-ம் பேரிடரால் வந்ததுதானா என்று கேட்டுவிடாதீர்கள், தூங்க வேண்டும்.

9.11.2024

மாதவரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "கிரவுண்டில் ஜனங்களைத் தங்கவைத்தால் என்ன செய்வீர்கள், விரட்டிவிட்டு ஆடுவீர்களா?"

விரட்ட மாட்டோம்மா. ஹெய்ட்டியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்கு அப்புறம் தலைநகரின் பெரிய ஸ்டேடியத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு ஜனங்கள் இருந்தார்கள். கால்பந்து சங்க அலுவலகமே இடிந்து ஆட்கள் இறந்துபோனார்கள், பிக்சர் போடக்கூட ஆளில்லை. காத்மாண்டுவில் 2015 ஏப்ரலில் தசரத் ஸ்டேடியத்தின் கேலரி சேதம், பக்கத்துத் திறந்தவெளியெல்லாம் கூடாரம். சிலியில் 2010-ல் வேறு மாதிரி யோசித்தார்கள். ரெண்டு பாதியாக நடக்கும் போட்டியை ஒரே நீள லீக்காக மாற்றிவிட்டார்கள். தேதியோடு மல்லுக்கட்டாமல் போட்டியின் உருவத்தையே மாற்றுவது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, யாரும் இதைப் பேசுவதில்லை.

நம்ம பக்கம் கிரவுண்டில் ஆள் தங்க முடியாது, கிரவுண்டுதான் முதலில் முழுகும். போன வருஷம் மிக்ஜாம் புயலில் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அங்கே கடலோரமாக ஆடுகிற பசங்களின் பந்தைக் கையில் எடுத்தால் உள்ளங்கை கறுப்பாகிவிடும், சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கணும். மீன்காரர்களுக்கு வலையே போச்சு, பந்து பற்றி யார் பேசுவது.

30.11.2024

பெஞ்சல் புயல். ஏர்போர்ட் மூடியாச்சு. இன்றைக்கு பிராக்டிஸ் இல்லை என்று குரூப்பில் போட்டேன், பதினைந்து பேர் தம்ஸ்அப், ஒருத்தன் மட்டும் "சார் மழையில ஆடலாம் சார்". அவன் அம்மா போனில் இருந்து அனுப்புகிறான், அம்மாவுக்குத் தெரியாது.

8.12.2024

எல்லாரும் "சரி, உங்க முடிவு என்ன" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பெரிய லீக்குக்குச் சட்டம் எழுத நான் யார்? பொங்கலுக்கு நாங்கள் நடத்துகிற செவன்ஸ் (ஒரு டீமுக்கு ஏழு பேர்) டோர்னமென்ட்டுக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறோம், அதில் மூணு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் தண்ணீர் நின்ற டீம் தேதி மாற்றக் கேட்கலாம், ஒரு தடவை, காரணம் நிரூபிக்க வேண்டாம். அப்படியும் வர முடியாவிட்டால் என்ட்ரி பீஸ் திரும்ப, அடுத்த வருஷம் நேராக இடம். எதிரணிக்கு 1-0 மட்டும், 3-0 இல்லை, கோல் வித்தியாசத்தில் யாரும் சும்மா சம்பாதிக்கக் கூடாது.

கமிட்டியில் ஒருவர், "காரணம் நிரூபிக்க வேண்டாம்னா தோக்கப்போறவன் எல்லாம் தண்ணினு சொல்லுவான்" என்றார். சொல்லட்டும். ஒரு தடவைதானே. இன்னொருவர் என்ட்ரி பீஸை நூறு ரூபாய் ஏற்றினால் திருப்பிக் கொடுக்கிற நஷ்டம் ஈடாகும் என்றார். அதில் இன்னும் சண்டை ஓடுகிறது. ராயபுரத்தார் டீம் வைத்திருந்தால் பெயர் கொடுக்கலாம், டிசம்பர் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. ஷின் கார்டு கட்டாயம்.